கிளினிக் வாசலில் நிற்கும் கணவனுக்கு ஒரு வேலை

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கர்ப்பவதி கிளினிக் நாளில் போய்ப் பாருங்கள். உள்ளே வாங்குகளில் பெண்கள் அட்டையும் கையுமாக இருப்பார்கள். வெளியே வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிள்கள், அவற்றின் மேல் கணவன்மார். ஒருவர் போனைத் தட்டிக்கொண்டிருப்பார், இருவர் பசளை விலையைப் பற்றிக் கதைப்பார்கள். ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியாயிற்று, முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் வேலை. பிள்ளைப்பேற்றில் ஆண் பழகிச் செய்யக்கூடிய காரியங்கள் பல உண்டு. அவை எவை, எப்படிச் செய்வது என்பதை உங்கள் பத்திரிகை வாயிலாக எழுத விரும்புகிறேன்.

“லேபர் றூமுக்குள்ள விடமாட்டினம், பிறகேன் அவருக்குப் படிப்பிக்கிறது?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நேரக் கணக்கைப் பார்ப்பதில்லை. முதற்பிள்ளைக்கு நோ தொடங்கியதில் இருந்து பிள்ளை கைக்கு வரும்வரை அரை நாளும் போகலாம், ஒரு முழு நாளும் போகலாம். அதில் கருப்பை வாய் மெல்ல மெல்ல இளகி 5 சென்ரிமீற்றர் திறக்கும் வரையான பகுதிதான் நீண்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும் 5 சென்ரிமீற்றரில் இருந்துதான் பிரசவத்தின் வேகமான கட்டம் தொடங்குகிறது என்கிறது. அதற்கு முந்திய மணித்தியாலங்களில் பெரும்பகுதி வீட்டில், அதுவும் அனேகமாக இரவில், பக்கத்தில் கணவன் மட்டும் படுத்திருக்கும்போது கழிகிறது. ஆஸ்பத்திரிக் கதவு அவருக்கு மூடப்படுவதற்கு முன்பே அவருடைய வேலையில் பாதி வந்து போய்விடுகிறது. பழகாதவர் அந்த நேரத்தில் செய்வது என்ன? விறாந்தையில் நடப்பார், மாமியாருக்குப் போன் எடுப்பார், “இப்ப எப்பிடி இருக்கு, இப்ப எப்பிடி இருக்கு” என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் கேட்பார்.

இயற்கைப் பிரசவம் என்றவுடன் வீட்டில் பெறுவது என்று விளங்கிக்கொள்ள வேண்டாம். இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. அது அப்படியே இருக்கவேண்டும். நோ தானாக வரட்டும், தேவையில்லாமல் அதை முடுக்க வேண்டாம், தாய் எழும்பி நடமாடட்டும், வெட்டும் தையலும் தேவைப்பட்டால் மட்டும் நடக்கட்டும் என்பதே இதன் பொருள். பிள்ளை பிறந்த கையோடு தாய்க்கு ஒக்சிரோசின் 10 அலகு ஊசி போடுவார்கள். குருதிப்போக்கைத் தடுக்கிற ஊசி அது. “எங்களுக்கு இயற்கையாத்தான் வேணும்” என்று சொல்லி அதை மறுப்பவர் இயற்கையை அறியாதவர். குருதிப்போக்கும் இயற்கைதான்.

துணை ஏன் வேண்டும் என்பதை மாடு வளர்க்கிற எவரும் அறிவர். பசு கன்று போடுகிற நேரத்தில் நாய் குரைத்தால், ஆட்கள் சூழ்ந்தால், அது எழும்பி நடந்துவிடும், நோ நின்றுவிடும். ஆட்கள் விலகி இருட்டும் அமைதியும் வந்தபின் திரும்பவும் படுக்கும். பெண்ணுக்கும் நடப்பது இதுதான். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஒக்சிரோசின், பயம் இல்லாத இடத்தில் நன்றாகச் சுரக்கும். பயந்தால் அட்ரினலின் எழும்பும். சுருக்கங்கள் ஒழுங்கு குலையும், தசை இறுகும், இறுகிய தசை கூடுதலாக நோகும், நோவு மேலும் பயத்தைக் கொண்டுவரும். கணவன்மாரைப் பழக்கிப் பிரசவ அறைக்குள் கொண்டுவந்த அமெரிக்க வைத்தியர் ராபர்ட் பிராட்லியும் பண்ணையில் விலங்குகள் ஈனுவதைப் பார்த்து வளர்ந்தவர்தான். 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, பிரசவம் முழுவதும் ஒருவர் விலகாமல் கூடவே இருந்தால் சாதாரணப் பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, நோவு நேரம் சராசரியாக 40 நிமிடமளவில் சுருங்குகிறது என்று காட்டியது. அந்தத் துணை கணவனாகத்தான் இருக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. அனுபவமுள்ள ஒரு பெண் அவரைவிட நன்றாகவே செய்யக்கூடும். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தானே.

28ஆம் வாரத்தில் இருந்து தொடங்கலாம். நாளுக்கு 15 நிமிடம் போதும். முதலில் மூச்சு. மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, வாயால் 6 எண்ணும் வரை விடுவது. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. ஒரு நிமிட நோவுக்கு ஆறு மூச்சு. கணவன் விநாடியை எண்ணக்கூடாது, மூச்சை எண்ணவேண்டும். “மூண்டு போட்டுது, இனி மூண்டுதான்” என்பது பெண்ணுக்கு விளங்கும். “இன்னும் முப்பத்தைந்து செக்கன்” என்பது அந்த நேரத்தில் விளங்காது.

வெறுமனே இருந்து மூச்சு விட எவராலும் முடியும். நோவோடு பழகவேண்டும். அதற்குக் கடையில் விற்கும் ஐஸ் பைக்கற் ஒன்று போதும். மனைவி உள்ளங்கையில் அதை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கவேண்டும். இருபதாவது விநாடியில் கை கடுக்கத் தொடங்கும், தோள் மேலே ஏறும், பல் இறுகும், மூச்சு நின்றுவிடும். கணவன் பார்க்கவேண்டியது அந்தத் தோளையும் தாடையையும்தான். தோளில் கை வைத்து மெல்லக் கீழே அழுத்தி “தோளை விடும்” என்றால் அது இறங்கும். தாடை இளகினால் இடுப்படியும் இளகும். நிமிடம் முடிந்ததும் ஐஸை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வேறு கதை கதைத்து, திரும்ப ஒருமுறை. பிறகு கணவனும் பிடித்துப் பார்க்கவேண்டும். தான் பிடித்துப் பார்த்தவர் “இதுக்கேன் கத்துறீர்” என்று கேட்கமாட்டார்.

மூச்சில் வருகிற பிழை ஒன்றுதான்: வேகம். பதற்றத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சாக விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் நுனி விறைக்கும், உதடு கூசும், தலை சுற்றும். பேய்க் குணம் என்று நினைத்துத் திருநீறு போட ஓடவேண்டாம். இரு கைகளையும் குவித்து வாயையும் மூக்கையும் மூடி அதற்குள் மெதுவாக மூச்சுவிடச் சொல்லி, கணவன் முகத்துக்கு நேரே இருந்து தானும் கூடவே மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

அடுத்தது முதுகு. பிள்ளையின் பிடரி தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தால் நோவு முழுவதும் இடுப்பின் பின்னால் இறங்கும். நோவுக்கும் நோவுக்கும் இடையிலும் அது விடாது. இதற்குப் பாட்டிமார் “இடுப்பு நோ” என்பார்கள். மனைவி ஒரு நெல் மூடையை நிமிர்த்தி, மேலே துணி விரித்து, முழங்காலில் நின்று அதன்மேல் கட்டிப்பிடித்துச் சாயலாம். பிட்டத்துக்கு மேலே இரு பக்கமும் இரண்டு குழி தெரியும். அவற்றுக்கு நடுவிலும் சற்றுக் கீழேயும் தட்டையான எலும்பு ஒன்று தட்டுப்படும். உள்ளங்கையின் அடிப்பகுதியை அதில் வைத்து, முழங்கையை மடிக்காமல், உடம்பின் பாரத்தைக் கைவழியே இறக்கவேண்டும். தசைப் பலத்தால் தள்ளினால் பத்தாவது நோவில் கை சோர்ந்துவிடும். பாரத்தால் தள்ளினால் மணிக்கணக்காகத் தாங்கலாம். நோ தொடங்கியதும் வைத்து, உச்சியில் கூட்டி, இறங்கும்போது மெல்ல எடுக்கவேண்டும். இடத்தைச் சொல்லவேண்டியவர் மனைவி: “மேல”, “கீழ”, “இன்னும்”. ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் தோல் உரிந்துவிடும், எனவே தேய்க்கவேண்டாம், அமர்த்துங்கள். இன்னொரு வழி, இரு இடுப்பெலும்பையும் இரு உள்ளங்கைகளால் பக்கவாட்டில் பிடித்து உள்நோக்கியும் சற்று மேல்நோக்கியும் நெருக்குவது. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி வைப்பதும் உதவும். முதலில் தன் முன்கையில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு வைக்கவேண்டும்.

உடம்பைப் பழக்குவதற்கு எங்கள் பெண்களுக்குப் புதிதாக அதிகம் சொல்லத் தேவையில்லை. குந்தியிருந்து வெங்காயம் நடுகிறவர்களுக்குக் குந்தப் படிப்பிப்பானேன்? கஷ்டப்படுவது, கல்யாணத்துக்குப் பிறகு பிளாஸ்ரிக் கதிரையிலேயே இருந்து பழகியவர்கள். நாளுக்கு அரை மணி நேர நடை, சம்மணம் கட்டி இருத்தல், கையும் முழங்காலும் ஊன்றி நின்று முதுகைப் பூனைபோல மேலே வளைத்துத் திரும்ப நேராக்குவது 20 தடவை. சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுவது, தரத்துக்குப் பத்தாக நாளுக்கு மூன்று தரம். 34ஆம் வாரத்தில் இருந்து, நகம் வெட்டிக் கை கழுவி, சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவிய பெருவிரலைப் பிறப்பு வாசலுக்குள் 3, 4 சென்ரிமீற்றர் வைத்துக் கீழ்நோக்கியும் பக்கங்களுக்கும் மெல்ல நீவிவிடலாம். வாரத்தில் ஒன்றிரண்டு தரம், 5 நிமிடம். முதற்பிள்ளைக்குக் கிழிவும் வெட்டும் குறைய இது உதவுகிறது. இரத்தம் படுகிறவர்களும் நச்சுக்கொடி கீழே இருப்பவர்களும் தண்ணீர்க்குடம் உடைந்தவர்களும் புண் அல்லது கிருமித்தொற்று உள்ளவர்களும் இதைத் தொடக்கூடாது. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்து உறங்குவதும் வேண்டாம். கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுப்பது நல்லது.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அது கணவனின் கையில் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால் அரைவாசி வீண். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்து, ஒரு மணி நேரத்துக்காவது தேத்தண்ணீரைத் தள்ளிப்போடவேண்டும். கல்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. கிளினிக்கில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் அது இரத்தச்சோகை; அது கடுமையானால் பிரசவத்தில் போகும் சாதாரண அளவு இரத்தமே அவளைச் சரித்துவிடக்கூடும். இரவு மாத்திரை நேரத்தில் கணவன் தனக்குத் தேத்தண்ணீர் கேட்காமல் இருப்பதுகூட ஒரு துணைதான்.

இனி நேரம் எடுப்பது. இதில்தான் அதிகமானோர் பிழைவிடுகிறார்கள். ஒரு நோ தொடங்கிய நேரத்தில் இருந்து அடுத்த நோ தொடங்கும் நேரம் வரைதான் இடைவெளி. முடிந்ததில் இருந்து எண்ணினால் நோ உண்மையில் இருப்பதைவிடக் கிட்டக்கிட்ட வருவதுபோலக் காட்டும். நோ தொடங்கும்போது வயிறு நெற்றிபோல இறுகும். விட்டபின் கன்னம்போல மெதுவாகும். கையை வைத்துப் பார்த்தால் கணவனுக்கும் தெரியும். பொய் நோ நடந்தால் குறையும், குளித்தால் குறையும், இடைவெளி ஒழுங்காக இராது. மெய் நோ நடந்தால் கூடும்.

“ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், அப்படி ஒரு மணி நேரம்” என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அது ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்தில் போகக்கூடிய, முதற்பிள்ளைக்காரருக்கு மட்டும். ஐயன்கன்குளத்தில் அல்லது முத்தையன்கட்டின் உட்பகுதியில் இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை கிரவல் றோட்டில்தான் பிறக்கும். தூரத்தில் இருப்பவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒன்றென ஒழுங்காக வரும்போதே வெளிக்கிடவேண்டும். இரண்டாம், மூன்றாம் பிள்ளை என்றால் நோ ஒழுங்குபட்டதும் புறப்படவேண்டும். கார்த்திகை, மார்கழியில் பேறுகாலம் விழுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே இல்லை: குளம் வான்பாய்ந்து பாதை மூடினால் எந்த வண்டியும் போகாது. கிளினிக்கில் சொல்லி வேளைக்கே வாட்டில் சேரலாம், அல்லது கிளிநொச்சியிலோ மாஞ்சோலையிலோ வவுனியாவிலோ ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டில் 38ஆம் வாரத்தில் இருந்தே போய் நிற்கலாம்.

வண்டி விஷயம் முழுக்கக் கணவனின் பொறுப்பு. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், ஆனால் ஒழுங்கையின் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு விளங்காது. பெரிய றோட்டில் இருந்து எத்தனை கிலோமீற்றர், எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடச் சந்தி என்று ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் வாய் வராது. ஒருவர் சந்தியில் ரோர்ச்சோடு நிற்கவேண்டும். வீட்டுக்குள் சிக்னல் எடுக்காவிட்டால் எந்த இடத்தில் எடுக்கும் என்று பகலிலேயே பார்த்துவைக்கவேண்டும். ஓட்டோக்காரர் இருவரின் இலக்கமாவது வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் அன்றைக்குத்தான் கலியாண வீட்டுக்குப் போயிருப்பார். யானை இறங்கும் பாதை என்றால் பொழுதுபட முன் முடிவெடுக்கவேண்டும். “விடியட்டும் பாப்பம்” என்பது ஆகாது. மோட்டார் சைக்கிளில் ஏற்றாதீர்கள். நோ வரும்போது பிடியை விட்டுவிடுவாள்.

நோவோ நேரமோ பார்க்காமல் உடனே வெளிக்கிடவேண்டிய நிலைகளும் உண்டு. சிவப்பாக இரத்தம் போனால். தண்ணீர்க்குடம் உடைந்தால், நோ இல்லாவிட்டாலும். தண்ணீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் இன்னும் அவசரம், பிள்ளை உள்ளே மலம் கழித்திருக்கிறது. விடாத தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே நோ, முகவீக்கம் என்றால் பிரஷர் ஏறுகிறது, வலிப்பு வரக்கூடும். அசைவு குறைந்தால். அசைவு குறைந்ததென்று இரவு தெரிந்தால் காலைவரை காத்திருக்கவேண்டாம். இனிப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்து நேரத்தைக் கழிக்கவும் வேண்டாம். தண்ணீர் உடைந்த கையோடு கொடி வெளியே தெரிந்தால், அதைத் தொடாமல், வண்டி வரும்வரை முழங்காலும் முழங்கையும் ஊன்றித் தலை தாழ்ந்து இடுப்பு உயர்ந்திருக்க வைத்து, வண்டியில் இடப்பக்கம் சரித்து இடுப்பின் கீழே தலையணை வைத்துக் கொண்டுபோகவேண்டும். வழியிலேயே பிள்ளை வந்துவிட்டால் வண்டியை நிறுத்துங்கள். இழுக்கவேண்டாம், கொடியை வெட்டவேண்டாம். பிள்ளையைத் துணியால் துடைத்து, தாயின் வெறும் மார்பில் போட்டு, இரண்டு பேரையும் மூடிக்கொண்டு ஓட்டத்தைத் தொடருங்கள்.

பையைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். நோ எத்தனை மணிக்குத் தொடங்கியது, இப்போது எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, தண்ணீர் உடைந்ததா, எத்தனை மணிக்கு, என்ன நிறம், கடைசியாக என்ன எப்போது சாப்பிட்டாள், பிள்ளை கடைசியாக எப்போது அசைந்தது. இந்த ஐந்தையும் எழுதி, கர்ப்பவதிப் பதிவேட்டு அட்டையோடு சேர்த்துத் தாதியின் கையில் கொடுத்தால் அவர் நோ எடுக்கும் பெண்ணிடம் கேள்விமேல் கேள்வி கேட்கத் தேவை வராது. வாசலில் நின்றுவிடும் கணவன் உள்ளே அனுப்பக்கூடிய மிகப் பெறுமதியான பொருள் அந்தத் தாள்தான்.

தாயையோ சகோதரியையோ மட்டுமே உள்ளே விடுவார்கள் என்றால், 36ஆம் வாரத்தில் அவரையும் கூப்பிட்டு இருத்தி இந்த அமர்த்தலையும் மூச்சையும் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் காலத்து வழக்கத்தைக் கொண்டுபோவார்: “முக்கு பிள்ளை, முக்கு”. கருப்பை வாய் 10 சென்ரிமீற்றர் முழுதாகத் திறக்க முன் முக்கினால் வாய்த்தசை நசுங்கி வீங்கக்கூடும், திறக்கிறது தாமதமாகக்கூடும், பெண் களைத்துப்போவாள். முக்கத் தோன்றினாலும் பொறுக்கச் சொன்னால், மெழுகுதிரியை அணைக்காமல் சுடரை ஆட்டுவதுபோலச் சின்னச் சின்னதாக ஊதவேண்டும். தலை வெளியே தெரியும்போதும் அதே ஊதல்தான். அப்போது ஒரே மூச்சில் முக்கினால் கிழிவு கூடும். நோவைத் தொடக்க ஆமணக்கெண்ணெய் கொடுப்பது வயிற்றோட்டத்தைத் தரும், உடம்பில் தண்ணீர் வற்றும். மேல்வயிற்றில் கைவைத்துப் பிள்ளையைத் தள்ளுவது ஆபத்து; உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாம் என்கிறது.

கணவன் உள்ளே விடப்பட்டால் தலைமாட்டில்தான் அவருக்கு இடம். குளித்து, சாப்பிட்டு, போனை நிறுத்திவிட்டுப் போகவேண்டும். வெறும் வயிற்றோடு போனவர்தான் மயங்கி விழுவார், பிறகு தாதி இரண்டு பேரைப் பார்க்கவேண்டும். முதல் நாள் சாராயம் எடுத்தவர் வெளியிலேயே நிற்கட்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க ஞாபகப்படுத்துவது அவருடைய வேலை. நிரம்பிய சலப்பை பிள்ளையின் தலை இறங்க விடாது, நோவில் இருக்கும் பெண்ணுக்கு அது முட்டுவதும் தெரியாது. மருத்துவர்கள் அனுமதித்தால் ஒவ்வொரு நோவுக்கும் பிறகு ஒரு வாய் தண்ணீர் அல்லது இளநீர். இரு கைகளையும் அவர் கழுத்தில் போட்டுத் தொங்கி, நின்றபடி இடுப்பை ஆட்டுவது படுத்துக் கிடப்பதிலும் பார்க்க நல்லது.

7, 8 சென்ரிமீற்றரில் ஒரு கட்டம் வரும். உடம்பு நடுங்கும், சத்தி வரும், இவ்வளவு நேரம் நன்றாகச் சமாளித்தவள் திடீரென்று “என்னால ஏலாது, வீட்ட போவம், வெட்டி எடுக்கச் சொல்லுங்கோ” என்பாள். வெளியில் நிற்கும் உறவினர் ஓடிப்போய் சிசேரியன் கேட்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். இது முடியப்போகிறது என்பதன் அடையாளம் என்று முன்பே தெரிந்தவர் பதறமாட்டார். அவளுடைய கண்ணை நேரே பார்த்து, ஒவ்வொரு நோவாக, ஆறு ஆறு மூச்சாகக் கடத்தவேண்டிய நேரம் அது. நீண்ட வசனம் வேண்டாம். “நான் நிக்கிறன்” போதும். ஆனால் பிள்ளையின் இதயத் துடிப்புக் குறைகிறது, சிசேரியன் வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் அது வேறு கதை. அப்போது அரை மணி நேரம் யோசிக்கக்கூடாது, கையெழுத்தை வைக்கவேண்டும்.

வன்னிக்கென்று தனியாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. இன்றைக்குப் பிள்ளை பெறுகிற பெண்களில் சிலருக்கு உடம்பில் போர்க்கால எறிகணையின் செல் துண்டு இன்னும் இருக்கிறது. இடுப்பில், முதுகின் அடியில், வயிற்றில், தொடையில் காயமோ துண்டோ பழைய சத்திரசிகிச்சையோ இருந்தால் அதை முதல் கிளினிக்கிலேயே சொல்லவேண்டும். “அது ஆறிட்டுது” என்று விட்டுவிடுகிறார்கள். இடுப்பெலும்பு உடைந்து பொருந்தியிருந்தால் பிள்ளை வரும் வழி ஒடுங்கியிருக்கக்கூடும். முள்ளந்தண்டில் துண்டு இருந்தால் முதுகில் மயக்க ஊசி போடுவதற்கு முன் மயக்க மருந்து வைத்தியர் அறிந்திருக்கவேண்டும். செயற்கைக் கால் உள்ளவருக்குக் குந்துவதும் நின்று தொங்குவதும் ஏலாது. பக்கவாட்டில் படுத்து மேற்காலைக் கணவன் தாங்கிப் பிடிப்பது நன்றாக உதவும், அதையும் வீட்டில் பழகலாம். திடீரென்று தொடுவதையோ கதவு அடிக்கும் சத்தத்தையோ தாங்கமாட்டாதவர்களும் இருக்கிறார்கள். “சொல்லிப்போட்டுத் தொடுங்கோ” என்று ஒரு வரி அட்டையில் எழுதச் சொல்லி, ஊர் மருத்துவமாதான குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்கலாம். கணவனை இழந்தவர்கள், கணவன் வெளிநாட்டில் உள்ளவர்கள், பக்கத்து வீட்டு அக்காவையாவது முன்கூட்டியே பேசிவைத்து இதையெல்லாம் சேர்ந்து பழகவேண்டும்.

பிள்ளை பிறந்ததும் தாயின் வெறும் மார்பில் ஒரு மணி நேரம், கொடித் துடிப்பு அடங்க ஒன்றில் இருந்து மூன்று நிமிடம் வெட்டாமல் பொறுத்தல், முதல் மணித்தியாலத்திலேயே முதற்பால், 24 மணி நேரத்துக்குப் பிள்ளைக்குக் குளிப்பாட்டு இல்லை. வீட்டுக்கு வந்தபின் துடக்கென்று கணவன் தள்ளி நிற்கும் வீடுகளில்கூட ஒரு கேள்வியை அவர் கேட்டாகவேண்டும்: தாய் வைத்திருக்கும் துணி ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தால் நனைந்து முடிகிறதா? ஆம் என்றால் சரக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை, 1990தான். காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது, இரண்டு கிழமைக்கு மேல் அழுகையும் நித்திரையின்மையும் எல்லாம் சொல்லவேண்டியவை.

இனி அதிகாரிகளிடம் கேட்பது. பிரசவ அறைக்குள் கணவனை விடாததற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், பக்கத்துக் கட்டில்களில் வேறு பெண்கள் இருக்கிறார்கள் என்பதுதான். காரணம் சரியானதே. அதற்கு மருந்து சுவர் அல்ல, திரை. ஒரு கட்டிலைச் சுற்றி மூன்று பக்கம் வளைய 25 அடியளவு கம்பியும், தோய்த்து உலர்த்தி மாற்றுவதற்கு இரண்டு சோடித் துணியும் வேண்டும். ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்களும், கோயில், தேவாலய நிர்வாகங்களும், புலம்பெயர்ந்தவர்களின் ஊர்ச் சங்கங்களும் கட்டடத்துக்குக் கல் நாட்டுவதோடு இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது கிளினிக் வாசலில் இருக்கிறது. மனைவிக்குப் பிரஷர் பார்த்து, இரத்தம் எடுத்து, வைத்தியரைக் கண்டு வெளியே வர ஒன்றரை மணி நேரமாவது ஆகிறது. அந்த நேரத்தில் வேப்பமரத்தடிக்குப் பாயொன்றைக் கொண்டுவந்து, குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் தடவை நோவுக்கு நேரம் எடுப்பதும் ஆபத்துக் குறிகளும். இரண்டாம் தடவை ஐஸும் மூச்சும். மூன்றாம் தடவை மனைவிமாரையும் கூப்பிட்டு முதுகு அமர்த்தல், அந்த நேரம் கூச்சப்பட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான்காம் தடவை ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு வரும் பாதையை 1990க்குச் சொல்வதுபோல உரத்துச் சொல்லிக் காட்டவேண்டும். அறுவடைக் காலத்தில் வராதவர்களுக்கு ஞாயிறு பின்னேரம் ஒரு வகுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுநிலைக் குடும்பநல உத்தியோகத்தர்,
ஒட்டுசுட்டான்.